கணக்குப் போடுபவன் யார்?

2023இல் டொராண்டோவில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் களவு போயின. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், வன்முறையோடோ குற்றக் கும்பலின் தொடர்போடோ வாகனம் திருடினால் 14 ஆண்டு வரை சிறை என்று கனடா அரசு சட்டத்தை இறுக்கியது. திருடன் லாபத்தையும் தண்டனையையும் தராசில் வைத்துப் பார்ப்பவன், தண்டனைத் தட்டைக் கனமாக்கினால் பின்வாங்குவான் என்பதுதான் இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. பொருளியலாளர் கேரி பெக்கர் 1968இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். அவர் பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் கணக்கிட்டார். நம் அரசியல்வாதிகள் அந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி இருவர் வருகிறார்கள். ஒருவன் கதவோரம் ஓர் ஆன்டெனாவைப் பிடிக்கிறான். உள்ளே மேசையில் கிடக்கும் சாவியின் மெல்லிய சிக்னல் பெருகி, டிரைவ்வேயில் நிற்கும் மற்றவனிடம் போகிறது. சாவி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கார் திறந்துகொள்கிறது. பிறகு அதை எங்கோ ஒரு தெருவில் சில நாள் சும்மா விட்டுவைப்பார்கள். டிராக்கர் இருந்தால் பொலிஸ் தேடி வரும், வராவிட்டால் கொள்கலனில் ஏற்றலாம். அந்தப் பொறுமைதான் கணக்கு. அதைப் போட்டவன் வாசலுக்கு வருவதே இல்லை. வந்த பொடியன் கூலிக்கு வந்தவன். அன்றிரவுக்கு அப்பால் அவன் பார்வை போவதில்லை.

தண்டனை கூடினால் அவனுக்குப் பயம் வராதா என்று கேட்கலாம். குற்றவியலாளர் டேனியல் நேகின் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது, ஆளைத் தடுப்பது பிடிபடுவோம் என்ற நிச்சயமே தவிரச் சிறைவாசத்தின் நீளம் அல்ல என்பது. பிடிபடமாட்டேன் என்று நம்புபவனுக்குப் பத்தும் பதினான்கும் ஒன்றுதான். இங்கேயே சான்று இருக்கிறது. 2024இன் முதல் பாதியில் நாடு முழுவதும் வாகனக் களவு முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது. புதிய சட்டம் வந்ததோ அந்தப் பாதி முடியும் தறுவாயில். அதற்கு முன்பே மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து பார்த்து 598 களவு வாகனங்களை மீட்டிருந்தார்கள். சரக்கு சிக்கினால் நட்டம் கணக்குப் போடுபவனுக்கு. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் 14 ஆண்டு என்ற எண் அதில் சேராது.

தண்டனையை விட்டுக் களவையே கடினமாக்கலாம் என்றால், பூட்டை இறுக்கினால் சாவிக்காக வீட்டுக்குள்ளேயே புகுவார்களே என்பது கனமான எதிர்வாதம். 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்களில், உரிய சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத இம்மொபிலைசர் கட்டாயமானபின், கம்பியை இணைத்து வண்டியைக் கிளப்புபவர்களின் வழி அடைபட்டது, தொழில்காரர்கள் வேறு வழி தேடினார்கள். டொராண்டோவில் சாவிக்காக வீடு புகுந்ததும் நடந்தது. 2024 தொடக்கத்தில், மோதலைத் தவிர்க்கச் சாவியை முன்வாசலருகே வையுங்கள் என்று ஒரு கூட்டத்தில் பொலிஸ் அதிகாரியே சொல்லும் நிலை வந்தது. உயிர் பெரிது என்ற அக்கறையை மதிக்கிறேன்; ஆனால் காவலின் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் இறங்குவதை ஏற்க முடியவில்லை. சாவியை எப்படி எடுத்தாலும் அந்தக் கார் ஒன்று கொள்கலனில் ஏற வேண்டும், இல்லை அடையாள எண் மாறி இங்கேயே மறுபதிவுக்கு வர வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் வாசல் காப்பது அரசின் ஆட்கள்.