தாய் வீட்டுக்கே சீர் அனுப்பும் இறால்!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தில் வண்டியை நிறுத்தி ஒரு செல்ஃபி எடுப்பார்கள். அடுத்து நிற்பது அனுமந்தை டோல்கேட்டில். இந்தக் கரையோரம் இன்னொரு தொழிலும் உண்டு. வெளியே அதிகம் தெரியாது. இறால் குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிகள்.

இங்கே பொரிக்கிற வனாமி இறாலின் தாய் நம் கடலில் பிறந்தது இல்லை. பெரும்பாலும் அமெரிக்காவின் ஹவாய், ஃப்ளோரிடாவிலிருந்து விமானத்தில் வருகிறது. சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய் சோதனை முடிந்த பிறகே ஹேட்சரிக்கு அனுப்புவார்கள். (கொரோனா காலத்தில் நாம் பட்டதை இறால் எப்போதும் படுகிறது!) குஞ்சு குளத்தில் மூன்று, நான்கு மாதம் வளர்ந்து, உறைந்த பெட்டியில் மறுபடி அமெரிக்காவுக்கே கப்பலேறும். தாய் வீட்டிலிருந்து சீர் வருவதுதான் நம் வழக்கம். இங்கே சீர், தாய் வீட்டுக்குப் போகிறது.

2024-25ல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.4 லட்சம் டன். அதில் 3.1 லட்சம் டன் அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்டில் அந்த ஒரே வாடிக்கையாளர் 25 சதவீத வரி போட்டார். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று அதே மாதம் 27-ம் தேதி இன்னொரு 25. ரஷ்ய எண்ணெய்க்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? வல்லரசுகளின் சண்டையில் சம்பந்தம் பார்த்து அடி விழுவதில்லை. நம்மோடு போட்டி போடும் ஈக்வடாருக்கு அப்போது 15 சதவீதம்தான். இறால் தின்னும் சத்தத்தைக் கேட்டுத் தானாகவே தீனி போடும் கருவியை அங்கே பல பண்ணைகளில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து உப்பளத்துக்கு எதிரி மழை மட்டும்தான். இறால் குளத்துக்கு வாஷிங்டனும் எதிரி, கருவியும் எதிரி.

'வேறு நாட்டுக்கு விற்க வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். விற்கிறார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் இறாலுக்கான வரியை நீக்க வழி வந்தது. செப்டம்பரில் ஐரோப்பிய யூனியன் மேலும் 102 இந்திய நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால், ஆன்டிபயாடிக் எச்சம் துளி தெரிந்தாலும் ஐரோப்பாவில் சரக்கைத் திருப்பி விடுவார்கள். குளத்திலேயே கவனமாக இருக்க வேண்டும்.

என் கவலை விற்கும் இடத்தைப் பற்றி அல்ல, விதையைப் பற்றி. 1990களில் டைகர் இறாலை வெண்புள்ளி நோய் வாரிக்கொண்டு போனது. 2009ல் வனாமிக்கு அனுமதி கிடைத்ததும் தொழில் எழுந்து நின்றது. நோயில்லாத தாய், வேகமான வளர்ச்சி. யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால், விதையும் சந்தையும் ஒரே நாட்டில் மாட்டிக்கொண்டன. நாளை தாய் இறாலை அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், எந்த ஒப்பந்தமும் உதவாது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நம் கடலின் வெள்ளை இறாலை மேம்படுத்தும் திட்டத்தை 2023ல் தொடங்கியது. நன்றாக வளர்பவற்றைப் பொறுக்கி, அவற்றின் குஞ்சுகளில் மறுபடி பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை இது. அமெரிக்கர்கள் இதில் பல பத்தாண்டுகள் முன்னால் இருக்கிறார்கள். நம் இறால் வனாமி வேகத்துக்கு வளரும் வரை, கடன் வாங்கிக் குளம் வெட்டியவர் அதை நம்பி இறக்க மாட்டார். இறக்கச் சொல்வதும் நியாயமில்லை. முதல் சில அறுவடைகளின் நஷ்டத்தை அரசு ஏற்றால் சிலர் முன்வரலாம். அதுவரை நீலாங்கரைக்கு விமானப் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.