வைக்கோலை உடைக்கும் வயிற்றுப் பூஞ்சை: எரிபொருள் ஆராய்ச்சியில் சாணம் ஏன்?

மாடு வைக்கோல் தின்னும், செரிக்கும். இதில் என்ன ஆச்சரியம்? ஆனா, வைக்கோல் நாரை உடைக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதே இல்லை. அந்த வேலையைச் செய்வது, ரூமென் எனும் அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றில் ஒன்று, ஆக்ஸிஜன் இருந்தால் வளரவே முடியாத பூஞ்சை.

இதை விஞ்ஞானிகளே ரொம்ப காலம் தவறாகத்தான் புரிந்துவைத்திருந்தார்கள். வாலோடு நீந்தும் அதன் வித்துகளைப் பார்த்து, புரோட்டோசோவா என்று முடிவு கட்டிவிட்டார்கள். எல்லாப் பூஞ்சைக்கும் ஆக்ஸிஜன் வேண்டும் என்பது அப்போதைய பாடம். பிரிட்டனின் காலின் ஆர்பின் செம்மறி ஆட்டின் ரூமெனை ஆராய்ந்து, 1975-ல் அந்தப் பாடத்தை மாற்றினார்.

அப்படி என்ன செய்கிறது?

வித்து வைக்கோல் துண்டில் ஒட்டிக்கொண்டு, வேர் மாதிரியான இழைகளை உள்ளே விடும். நாரைப் பிளந்துகொண்டே நொதிகளையும் சுரக்கும். பாக்டீரியாக்களால் எளிதில் நுழைய முடியாத இடத்துக்கு இப்படித்தான் வழி திறக்கிறது.

எரிபொருளுக்கு என்ன சம்பந்தம்?

வைக்கோலின் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கினால் எத்தனால் எடுக்கலாம். ஹரியானாவின் பானிபட்டில் 2022-ல் திறக்கப்பட்ட ஆலையின் திட்டமே, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலில் இருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால். அறுவடை முடிந்ததும் வயலிலேயே தாள் எரிக்கப்படும் பகுதி அது.

குறுக்கே நிற்பது லிக்னின். செல்லுலோஸைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் இந்தப் பொருளைத் தளர்த்த, இதுபோன்ற ஆலைகளில் பொதுவாக வெப்பமும் ரசாயனமும் தேவை. செலவு அங்கேதான் ஏறுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் மிஷெல் ஓமேலியின் குழு, ஆடு, குதிரைச் சாணங்களில் இருந்து இந்தப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்தது. தொழிற்சாலை நொதிகளுக்கு இணையாக அவை வேலை செய்வதாக 2016-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. 2023-ல் இன்னும் பெரிய செய்தி: ஆக்ஸிஜன் இல்லாமலே அவை லிக்னினின் பிணைப்புகளை உடைக்கின்றன. அது நடக்காது என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

சிக்கல் எங்கே?

நாரை உடைக்கும்போது இந்தப் பூஞ்சை ஹைட்ரஜனை வெளியிடும். பக்கத்திலேயே இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக மாற்றும். அது மாட்டின் ஏப்பத்தில் வெளியே வந்து பூமியைச் சூடாக்கும். கால்நடைகளின் இந்த வாயுவுக்கு டென்மார்க் 2030 முதல் வரி விதிக்கப்போகிறது. சரி, பூஞ்சையை ஒழித்துவிடலாமா? அப்போ மாட்டுக்கு வைக்கோல் சரியாகச் செரிக்காது.

சாண எரிவாயுக் கலனில் கதை தலைகீழ். அங்கே மீத்தேன்தான் சரக்கு. பூஞ்சையைக் கலனில் சேர்த்துப் பார்த்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஆனா, வயிற்றை விட்டு வெளியே வந்தால் அது அங்கே நீண்ட நாள் தாக்குப்பிடிப்பதில்லை.