போர்டு போயிடுச்சு சார்!

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

"போர்டு போயிடுச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது. பேசாம ஒரு சவுண்ட்பார் வாங்கிடுங்க." ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டார். கையில் மல்டிமீட்டர்கூட இருக்காது. நாடி பிடிக்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற வைத்தியம் இது.

போன மாதம் என் அக்கா வீட்டிலும் இதே கதை. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்னால் உள்ள இரண்டு மட்டும் பாடுகின்றன. நடுவில் உள்ளதும் பின்னால் உள்ள இரண்டும் ஊமை. கடையிலிருந்து வந்த தம்பி இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டு மேற்படி தீர்ப்பைச் சொன்னார். புதிய செட் 14,000 ரூபாய். அக்கா குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர்.

"தம்பி, படத்துல பேச்சு தெளிவா கேக்குதா?" என்றேன். "கேக்குது சார்." அங்கேயே விஷயம் பாதி முடிந்துவிட்டது. 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அது கெட்டிருந்தால் பாட்டு கேட்கும், மழைச் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் அமுங்கிப் போகும். பேச்சு தெளிவாக இருந்தும் மூன்று ஸ்பீக்கர்கள் மௌனம் என்றால், டிவி அனுப்புவதே வெறும் ஸ்டீரியோவோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டாமா?

ஆம்ப்ளிஃபையர் மெனுவில் டெஸ்ட் டோன் என்று ஒன்று உண்டு. அழுத்தினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அழுத்தினோம். ஐந்திலும் வந்தது. போன போர்டிலிருந்து எப்படி வரும்? டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருந்தது. ஆப்டிகல் கேபிள் வழியாக பிசிஎம் இரண்டு தடத்துக்கு மேல் போகாது. 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றி, 5.1 ஒலி உள்ள படம் ஒன்றைப் போட்டதும் பின்னாலிருந்து சத்தம் வந்துவிட்டது. (1952ல் வந்த பராசக்தியைப் போட்டுவிட்டு பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்று யாரும் புகார் சொல்லாதீர்கள். அது ஒற்றைத் தடக் காலம்.)

அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை. சோதிக்காமல் தீர்ப்புச் சொன்னாரே, அதுதான் குற்றம். பேட்டரி, பல்பு, ஒயர் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? எரியவில்லை என்றால் பல்பை மட்டும் மாற்றிப் பார்க்கும், பிறகு ஒயரை மட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதே பாடம்தான் இங்கும். பின் இடது ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லையா? செட்டை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையர் முனையில் பின் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு ஆம்ப்ளிஃபையர் பக்கம். இடதே ஊமையாக இருந்தால் ஸ்பீக்கர் அல்லது ஒயர். ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்டால் காயில் உயிர் இருக்கிறது, ஒயரைப் பாருங்கள். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

"இதுக்கெல்லாம் நேரம் செலவழிச்சா எங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. பார்த்துச் சொல்ல 300 ரூபாய் என்று போர்டு மாட்டுங்கள், கொடுக்கிறோம். உழைப்புக்குக் கூலி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, நல்ல பெட்டியைச் செத்தது என்று சொல்லி விற்பனையில் எடுக்கப் பார்ப்பது என்ன தொழில்? போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. ஸ்பேர் தராமல் கைவிரிக்கும் கம்பெனிகளும் உண்டு. ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று இணையதளமே தொடங்கியிருக்கிறது. ஆனால் ரிப்பேரே இல்லாத பெட்டிக்கு அது எதற்கு?

ஆகவே கடைக்காரர்களே, போர்டு போய்விட்டது என்றால் எதைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தீர்கள் என்று பில்லில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். கழற்றிய போர்டையும் எங்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.