மூச்சும் சூளையும்

கண்ணாடிக் கலை பற்றி எழுதுகிறவர்களில் பலருக்கு ஒரு பிரமை உண்டு. உலைமுன் வியர்த்து நின்று குழலில் ஊதுகிறவன் கலைஞன். துண்டுகளை வெட்டி அடுக்கி மின்சூளையில் வைத்து மூடுகிறவன் அலங்காரத் தட்டு செய்கிறவன். 1962இல் அமெரிக்காவில், டொலீடோ மியூசியத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறைகளோடு கண்ணாடி ஆலையை விட்டுத் தனிக் கலைஞனின் கைக்கு வந்தது என்பார்கள். கூடவே மூச்சின் மீது ஒரு பக்தியும் வந்து சேர்ந்தது.

பக்திக்குச் சரித்திர ஞானம் தேவையில்லை போலும். ஊதும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் சிரிய-பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. அதற்கு முன்பே வண்ணத் துண்டுகளைச் சூட்டில் இணைத்து, அச்சின்மேல் தளரவிட்டுக் கிண்ணங்கள் செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சூடுதானே செய்கிறது என்பது இவர்கள் வாதம். சுமார் 800 டிகிரி சென்டிகிரேடில் துண்டுகள் ஒன்றாகின்றன. ஆறிய தகட்டை அச்சில் வைத்து மறுபடி 650 டிகிரி அளவுக்குக் கொண்டுபோனால், தன் கனத்தாலேயே தளர்ந்து அச்சின் வடிவம் கொள்கிறது. சூடு செய்வது இவ்வளவே. ஒவ்வொரு கண்ணாடிக்கும் விரிந்து சுருங்க ஒரு விகிதம் இருக்கிறது. விகிதம் ஒவ்வாத இரண்டு, சூட்டில் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது விரிசல் விடும், சில சமயம் பல நாள் கழித்து. தடிமன் இரட்டித்தால் ஆறவேண்டிய நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இத்தனையையும் சூளையை மூடுமுன்பே தீர்மானித்தாக வேண்டும். ஊதுகிறவன் பிசகைக் கையோடு திருத்தலாம். சூளைக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை.

க்ளவுஸ் மோயெ ஹாம்பர்க்கில், குடும்பப் பட்டறையில் கண்ணாடி வெட்டப் பயின்றவர். வண்ணப் பட்டைகளை அடுக்கி உருக்கிய அவருக்கு, ஒன்றோடொன்று ஒவ்வும் வண்ணங்கள் போதவில்லை. 1979இல் அவரைச் சந்தித்த பிறகு, போர்ட்லண்ட் நகரத்துப் புல்ஸ்ஐ கம்பெனி அப்படிப்பட்ட கண்ணாடிகளைத் தயாரிக்க முனைந்தது. 1982இல் மோயெ கான்பெரா கலைப்பள்ளியில் கண்ணாடிப் பிரிவைத் தொடங்கினார். அவருடைய கிண்ணங்களில் வண்ணம் பூசப்பட்டதல்ல. தடிமன் முழுக்க ஊடுருவி நிற்பது. உடம்பின்மேல் போட்ட நகையல்ல, உடம்பே அதுதான். இதையும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை; செய்தவன் வியர்த்தானா என்று பார்த்திருக்கிறார்கள்.

ஒவ்வும் கண்ணாடி கடைச்சரக்கானதும், விரிசல் விடவில்லை என்பதைத் தவிர வேறு லட்சணமில்லாத தட்டுகளும் தொங்கட்டான்களும் பெருகிவிட்டன என்பது வாஸ்தவம். கம்பெனியின் உத்தரவாதம் கண்ணாடிக்குத்தான், பார்வைக்கு அல்ல. அவற்றைத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் பழியைச் சூளைமேல் போடாதீர்கள். மோசமாக ஊதிய பூஜாடிகளுக்காக யாரும் மூச்சைக் குறை சொன்னதில்லையே.