அரக்கோவியத்தில் சம்பிரதாயம் எது?

வியட்நாமின் அரக்கோவியம் தொன்றுதொட்டு மாறாமல் வந்த சம்பிரதாயமென்று நம்புகிறவர்கள், தற்காலத்து ஓவியர் எவரேனும் அதில் புதியதொன்றைச் செய்தால் மரபு கெட்டதென்று வருந்துகிறார்கள், சரித்திரமோ வேறுவிதமாயிருக்கிறது. கோயில் விக்கிரகங்களுக்கும் பூஜைப் பொருள்களுக்கும் பூசுவதற்கென்று அந்நாட்டுக் கைவினைஞர் நெடுங்காலம் கையாண்ட அரக்கை, 1925-இல் விக்டர் தார்தியூ என்ற பிரெஞ்சு ஓவியரின் தலைமையில் ஹனோயில் தொடங்கிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரியைச் சேர்ந்தவர்களே, 1930-களில் சித்திரத்துக்குரிய சாதனமாக்கினார்கள். ஆகவே அரக்கோவியமே ஒரு காலத்துப் புதுமைதான்.

அப்படியானால் காக்கவேண்டிய சம்பிரதாயம் எது? வியட்நாமின் ஃபூ தோ பிரதேசத்து அரக்கு மரங்களைக் கீறி எடுத்த பாலைப் பலகையின்மேல் மெல்லிதாகப் பூசி, அது ஈரக்காற்றில் இறுகும்வரை காத்திருந்து, சாதிலிங்கச் சிவப்பும் தங்க ரேக்கும் வெள்ளி ரேக்கும் முட்டையோட்டுச் சில்லுகளும் இடையிடையே சேர்த்து, மேன்மேலும் பூசி மூடியபின், நீர்விட்டுத் தேய்த்துப் புதைந்த வர்ணங்களை வெளிக்கொணரும் அந்தப் பிரயாசையே சம்பிரதாயம். மற்ற ஓவியர் சேர்த்துச் சேர்த்து முடிப்பதை, அரக்கோவியர் தேய்த்து நீக்கி முடிக்கிறார். எங்கே நிறுத்துவதென்ற விவேகமே அவருடைய வித்தை.

ஃபி ஃபி ஓவான் போன்ற இக்காலத்துக் கலைஞர், பலகையை விட்டு வேறு பொருள்களின்மேல் இயற்கை அரக்கைப் பூசி, பார்வையாளர் உள்ளே நுழைந்து பார்க்கும் வளைந்த கூடமாகவே ஓவியத்தை அமைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. விரைவில் உலரும் செயற்கை அரக்கினால் பழைய தாமரைக் குளங்களையே திரும்பத் திரும்பத் தீட்டி, கடைத்தெருவில் மரபென்று விற்பதே எனக்கு வருத்தமளிக்கிறது.

அறியாமை அதனினும் கொடியது. அரக்கோவியர் நுயென் ஜியா ட்ரி 1969 முதல் 1989 வரை உழைத்துப் படைத்ததும், 2013-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டதுமான வசந்தத் தோட்டச் சித்திரம், ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்திலேயே, பாத்திரம் துலக்கும் திரவத்தாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்யப்பட்டுச் சேதமுற்றதென்ற செய்தி 2019-இல் வெளிவந்தது. தேய்த்துப் பிறந்த ஓவியம், தேய்க்கத் தெரியாதவர் கையில் கெட்டது.

உருவத்தில் கலைஞருக்குப் பூரண சுதந்திரம் இருக்கட்டும். ஆனால் அரக்கோவியத்தை வாங்கிச் சேர்க்கும் ஒவ்வோர் அருங்காட்சியகமும், அரக்கின் குணமறிந்த கைவினைஞரைக் கலந்தாலோசியாமல் அதன்மேல் ஒரு துணியைக்கூட வைக்கலாகாது.