கொல்லிமலையின் பட்டியலை யார் எழுதுவது?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் பேரிலும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி ஒதுக்கப்படுகிறது. 234 தொகுதிகளுக்கும் சேர்த்து 702 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. எந்த ஊரில் என்ன வேலை என்று உறுப்பினர் எழுதிக் கொடுப்பார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். ஒன்றிய அலுவலகம் டெண்டர் விடும். இந்த வரிசையில் முதல் படியை மாற்ற வேண்டும் என்கிறோம். வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கிராம சபை. அது தரும் பட்டியலுக்கு உறுப்பினர் கட்டுப்பட வேண்டும். இந்த மாற்றத்தைத் தொடங்கக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருகிறது இந்த மலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பழைய நாட்டுப் பெயர்களையே தாங்கி நிற்கும் 14 ஊராட்சிகள். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40,000 பேர். மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றது கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம். ஒதுக்கீடு பழங்குடியினருக்கு என்றாலும் சேந்தமங்கலத்தின் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் அடிவாரத்துச் சமவெளியில் இருக்கிறார்கள். வெற்றி தோல்வியைக் கீழ்நாடு தீர்மானிக்கும்போது, நிதியைப் பிரிக்கும் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நாடாளுமன்றத் தொகுதியிலோ மலையின் பங்கு இன்னும் சுருங்கிவிடுகிறது. சங்ககிரி, இராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு ஆகியவற்றோடு ஆறில் ஒன்றாக நிற்கும் சேந்தமங்கலத்தின் ஒரு மூலைதான் கொல்லிமலை. எம்.பி. நிதியில் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்பது நெறி. 5 கோடியில் அது 37.5 லட்சம். மலைச்சாலையில் ஒரு தடுப்புச் சுவர் கட்டப் புகுந்தால் அந்தப் பணம் எங்கே போனது என்று தெரியாது.

உறுப்பினர் கையில் பேனா இருக்கும்வரை சில வேலைகள் மட்டுமே திரும்பத் திரும்ப முன்னால் வரும். பயணியர் நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, சமுதாயக் கூடம், கலையரங்கம். இவை எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. மழையில் நனைந்து பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு நிழற்குடை வேண்டும்தான். ஆனால் இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. சாலையில் போகிறவர் கண்ணில் படும். பெரிய எழுத்தில் பெயர் போட இடம் இருக்கும். அடிக்கல் நாட்டு விழா ஒன்று, திறப்பு விழா ஒன்று என்று இரண்டு முறை மேடை கிடைக்கும். மண்ணுக்குள் போகும் குடிநீர்க் குழாய்க்கும், ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கட்டும் தடுப்புக்கும், மருத்துவமனைக்குப் பெண்ணைத் தூளியில் சுமந்து வரும் ஒற்றையடிப் பாதையைச் செப்பனிடுவதற்கும் அந்த வசதி இல்லை. எம்.பி. நிதிக்கான வழிகாட்டு நெறிகளே வேலை நடந்த இடத்தில் உறுப்பினரின் பெயரோடு பலகை வைக்கச் சொல்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதே பெயர்களைத் தாள் ஒட்டியும் துணி கட்டியும் மறைக்க ஊழியர்கள் ஏணியோடு அலைகிறார்கள். மறைத்தாக வேண்டிய அளவுக்கு அது விளம்பரம் என்று தேர்தல் ஆணையத்துக்குத் தெரிகிறது. அப்படியானால் மற்ற நான்கே முக்கால் ஆண்டும் அது என்ன?

மலைமேல் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய ஓரி கொடுத்தது அவனுடைய பொருளை. வரிப்பணத்தில் கட்டியதற்கு வள்ளல் பட்டம் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் காலத்தது.

இதைவிடப் பெரிய சங்கதி திறப்பு விழாவுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. உயர்கோபுர விளக்கை நிறுவ எம்.எல்.ஏ. நிதி பணம் தரும். அது எரிகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மின்கட்டணம் கட்ட வேண்டியது ஊராட்சி. மேல்நிலைத் தொட்டி கட்டப் பணம் வரும்; மோட்டார் எரிந்து போனால் காயில் கட்டும் செலவு ஊராட்சியின் தலையில். கூடத்தின் கூரை ஒழுகினாலும் அதே கதைதான். கொல்லிமலை ஊராட்சிகளின் சொந்த வருவாய் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். தொழிற்சாலை இல்லை, வணிக வளாகம் இல்லை, ஓட்டும் குடிசையுமாகச் சிதறிய சிற்றூர்களில் வீட்டு வரி பெரிதாகத் தேறாது. அப்படிப்பட்ட ஊராட்சிக்கு அது கேட்காத ஒரு சொத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, காலமெல்லாம் பராமரி என்று விட்டுச் செல்வதற்கு உதவி என்று பெயர் வைக்க முடியாது. யானையைக் கொடுத்துவிட்டுத் தீனிக்குக் காசு கொடுக்காத கதை.

மலை எதைக் கேட்கும்? மிளகு, காப்பி, மரவள்ளி, பலா, வாழை, அன்னாசி விளைகிற மண் இது. சோளக்காட்டுச் சந்தையில் ஒரு வாரம் நின்று பார்த்தால் விளைச்சல் எவ்வளவு, அதில் விளைவித்தவருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது புரியும். மிளகையும் காப்பியையும் உலர்த்தச் சிமெண்டுக் களம் இல்லாதவர் தார்ச்சாலை ஓரத்தில் காய வைக்கிறார். ஈரத்தோடு விற்றால் வியாபாரி விலையைக் குறைப்பார். சாமையும் தினையும் கேழ்வரகும் மலையின் பழைய உணவு. அவற்றை உரலில் குத்திப் புடைக்கும் பாடு பெண்களுடையது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது கண்டுகொண்ட முக்கியமான சங்கதியே இதுதான்: சிறுதானியம் தட்டிலிருந்து மறைந்ததற்கு அதைப் பக்குவப்படுத்தும் உழைப்பும் ஒரு காரணம். அதனால் ஊருக்குள் சிறிய அரவை இயந்திரங்களை வைத்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு நுழைவு வளைவின் செலவில் இப்படி எத்தனை இயந்திரங்கள் வரும் என்ற கணக்கை ஒரு தொகுதி அலுவலகமாவது போட்டுப் பார்த்திருக்குமா? போட்டிருக்காது. அரவை இயந்திரத்தைத் திறந்து வைக்க யாரும் பந்தல் போடுவதில்லை.

இந்த நிதி பிறந்த கதையும் நினைவில் இருக்கட்டும். 1993 டிசம்பர் 23 அன்று பிரதமர் நரசிம்ம ராவ் நாடாளுமன்றத்தில் எம்.பி. நிதித் திட்டத்தை அறிவித்தார். முதல் ஆண்டு ஆளுக்கு 5 லட்சம். அடுத்த ஆண்டே 1 கோடி, 1998இல் 2 கோடி, 2011இல் 5 கோடி. மாநிலங்களும் அதே வழியில் போயின. ஆரம்பம் முதல் இதை விடாமல் எதிர்த்தவர்களில் ஒருவர் நம்மவர்: நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்த இரா. செழியன். அவர் வாதத்தின் சாரம் எளிது. அரசு செலவழிக்கும், அவை கணக்குக் கேட்கும். கணக்குக் கேட்க வேண்டியவரே செலவழிப்பவராக ஆகிவிட்டால் அவரிடம் கேட்பது யார்? வெங்கடாசலய்யா தலைமையிலான அரசமைப்புச் சட்டச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம் 2002இலும், வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இலும் இந்த நிதியை நிறுத்தச் சொன்னவை. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மட்டும் திட்டம் செல்லும் என்றது. உறுப்பினர் பரிந்துரைக்கத்தானே செய்கிறார், முடிவு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது என்பது அதற்கு அடிப்படை. காகிதத்தில் அது சரி. ஆளுங்கட்சி உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தை, இது அவசியமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பும் வட்டார வளர்ச்சி அலுவலர் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்பார் என்பதை அரசு ஊழியர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியானால் ஒழித்துவிடலாமே? செழியனின் வாதத்துக்கு இன்றும் நேரான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, அந்த வழி நடைமுறையில் நிற்காது என்கிறோம். பீகாரில் நிதிஷ் குமார் 2010இல் எம்.எல்.ஏ. நிதியை நிறுத்தினார், பாராட்டும் கிடைத்தது. பிறகு முதலமைச்சர் பகுதி வளர்ச்சித் திட்டம் என்ற புதுப் பெயரில் உறுப்பினர்களின் பரிந்துரை மறுபடி உள்ளே வந்தது. அமெரிக்காவிலும் இதே நடந்தது. அலாஸ்காவில் ஐம்பது பேர் அளவில் வசித்த ஒரு தீவுக்குப் பாலம் கட்ட 2005இல் 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது ஊர் சிரிக்கும் கதையானது. அந்தப் பாலம் கட்டப்படவே இல்லை. 2011இல் இத்தகைய ஒதுக்கீடுகளையே தடை செய்தார்கள். பத்தாண்டு கழித்து 2021இல் அவை திரும்பி வந்தன. ஆனால் கட்டுகளோடு வந்தன: உறுப்பினர் கேட்கும் ஒவ்வொரு வேலையும் இணையத்தில் வெளியிடப்பட வேண்டும், தனக்கோ குடும்பத்துக்கோ அதில் பண ஆதாயம் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். பிலிப்பைன்ஸில் உறுப்பினர் நிதி போலித் தொண்டு நிறுவனங்கள் வழியே கரைந்தது தெரிந்து, 2013 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திட்டத்தையே செல்லாததாக்கியது. அந்த நிலைக்குப் போகும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

உறுப்பினர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வீட்டு வாசலில் காலையில் வந்து நிற்பவரிடம், சட்டம் இயற்றுவது மட்டுமே என் வேலை என்று ஓர் எம்.எல்.ஏ. சொல்ல முடியாது. துறைகளின் கோப்பு நகராத இடத்தில் இந்த நிதியிலிருந்து வகுப்பறையும் நியாயவிலைக் கடையும் வந்திருப்பது உண்மை. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணத்துக்காக ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் நிதியிலிருந்தும் 1 கோடியை மாநில அரசு எடுத்துக்கொண்டபோது எதிர்க்கட்சிகள் எழுப்பிய குரலிலும் நியாயம் இருந்தது. ஆகவே பணம் தொகுதியிலேயே இருக்கட்டும். சேந்தமங்கலத்தின் 3 கோடியில் மலை மக்கள்தொகைக்குரிய பங்கு, அதற்கு மேல் மலைக்கான கூடுதல் செலவுக்கு ஒரு குறிப்பிட்ட விழுக்காடு, எழுத்தில் ஒதுக்கப்படட்டும். கீழே ஒரு லோடு ஜல்லி வரும் விலைக்கு 70 வளைவுகளுக்கு மேலே வராது என்பது எந்த ஒப்பந்தக்காரருக்கும் தெரியும்.

கிராம சபை மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாகக் காட்டுவது எல்லா மாவட்டத்திலும் உண்டு. மலையில் இன்னொரு சிக்கலும் சேரும்: ஓர் ஊராட்சிக்குள் சிற்றூர்கள் பல, சபை கூடும் இடத்துக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். கேரளத்தில் அட்டப்பாடி போன்ற பகுதிகளில் பழங்குடிக் குடியிருப்புகள் தனித்தனியே ஊருக்கூட்டம் கூடிப் பேசுவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். இங்கும் சிற்றூர் அளவில் முதலில் கூடி, பெண்களின் கோரிக்கையைத் தனியாகக் குறித்து, பிறகு ஊராட்சி சபையில் வரிசைப்படுத்தலாம். ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், 1996ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் தரும் அதிகாரம் கொல்லிமலைக்குக் கிடையாது. அந்தக் குறையைச் சிறிதளவாவது ஈடுகட்ட இது ஒரு வாய்ப்பு. இதில் மறக்கக் கூடாத ஒன்று: நாமக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. 2016க்கும் 2019க்கும் இடையிலும் இப்படித்தான் நடந்தது. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலத்தில் எம்.எல்.ஏ. நிதி மட்டும் ஓடுகிறதென்றால், கேள்வி கேட்கும் வாய்களை அடைத்துவிட்டுப் பணத்தைப் பிரிப்பதாகவே அது முடியும். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் காலத்தில் உறுப்பினர் நிதியையும் நிறுத்தி வைக்கும் விதி வந்தால், தேர்தல் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கலாம்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் நீண்டகாலக் கோரிக்கைகள் பத்தைப் பட்டியலிடச் சொன்னார். கட்சி பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டது நல்ல மரபு. அந்தப் பத்தையும் எழுதுவதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தால் இந்தத் தலையங்கத்தின் பாதிக்குத் தேவை இருந்திருக்காது.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. சட்டமன்ற உறுப்பினர் நிதி, ஊரக வளர்ச்சித் துறையின் அரசாணைகளாலும் வழிகாட்டு நெறிகளாலும் நடக்கும் திட்டம். இன்னோர் அரசாணை போதும். கிராம சபையின் வரிசைப் பட்டியலில் இல்லாத வேலைக்கு ஆட்சியர் நிர்வாக அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே கட்டியது பழுதாகிக் கிடக்கும் ஊரில் அதைச் சரிசெய்யாமல் புதியது கட்டக் கூடாது; இன்று கண்ணில் படாத பராமரிப்பு என்ற தலைப்புக்கு நிதியில் ஒரு பங்கு கட்டாயமாக வேண்டும். பலகையில் உறுப்பினர் பெயருக்குப் பதில் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர், முடித்த தேதி, பழுதானால் எத்தனை ஆண்டுவரை அவர் பொறுப்பு என்பவை எழுதப்படட்டும். வனத்துறை நிலம் குறுக்கே வருவதால் பாதையும் குழாயும் நின்றுபோகும் இடங்களில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை விட்டுத்தர வழி வைத்திருக்கிறது. சபையின் பட்டியலே இரண்டு காரியத்துக்கும் உதவும்.

234 தொகுதிகளிலும் ஒரே நாளில் இதைச் செய்ய அரசு தயங்கினால் சேந்தமங்கலத்திலும் ஏற்காட்டிலும் தொடங்கட்டும். 702 கோடியில் அது 6 கோடி. வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் பட்டியல் எழுதப்பட்டால், அடுத்த நிதியாண்டின் அனுமதி அதிலிருந்து போகலாம். அதுவரை காத்திராமல் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் ஒன்றை உடனே செய்யலாம்: கடந்த ஐந்தாண்டில் கொல்லிமலையில் எம்.எல்.ஏ., எம்.பி. நிதிகளில் நடந்த வேலைகள் ஒவ்வொன்றும் எந்த ஊரில், எவ்வளவு செலவில் நடந்தன, இன்று பயன்பாட்டில் உள்ளனவா என்பதை 14 ஊராட்சி அலுவலகங்களின் சுவரிலும் ஒட்ட வேண்டும்.