சோழி உருட்டினால் கணக்கு வருமா?

விளையாட்டு படிப்புக்குப் பகை என்று கருதிய தலைமுறை போய், எதையும் விளையாட்டாகவே கற்பித்துவிடலாம் என்று நம்பும் தலைமுறை வந்திருக்கிறது. இரண்டில் பின்னதுதான் குழந்தைக்கு நெருக்கமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த விளையாட்டு, எப்படி ஆடும்போது எண்ணறிவாக மாறுகிறது என்ற கேள்வியை நாம் கேட்பதேயில்லை.

நான்கு வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை தடங்கலின்றிச் சொல்லும். ஐந்து பெரியதா, எட்டு பெரியதா என்று கேட்டால் விழிக்கும். அது சொன்னது ஒரு பாட்டு, எண் அன்று. பாட்டிலிருந்து எண்ணுக்குச் செல்லும் பாதையில்தான் விளையாட்டுக்கு இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏழைக் குடும்பத்து மழலையர், 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள் நேர்வரிசையில் அமைந்த அட்டையில் காய் நகர்த்தி ஆடினர். ஏறத்தாழ கால் மணி நேரம் வீதம் நான்கு முறை, அவ்வளவுதான். எண்களை ஒப்பிடுவதிலும் இனங்காண்பதிலும் அவர்கள் முன்னேறினர். ஒன்பது வாரம் கழித்தும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக நிறங்கள் தீட்டிய அட்டையில் ஆடியவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. ஐந்தாம் கட்டத்திலிருந்து இரண்டு நகரும்போது 'ஒன்று, இரண்டு' என்று எண்ணாமல் 'ஆறு, ஏழு' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் விதி. பயன் பெரிதும் இச்சிறு விதியைச் சார்ந்தே இருக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வு ஒன்றும் உறுதிசெய்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டெல்லியில் 214 மழலையர் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வில், கணித விளையாட்டுகள் ஆடிய குழந்தைகளின் அளவறியும் உள்ளுணர்வு கூர்மையடைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் மங்கவில்லை. ஆயினும் ஆரம்பப் பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அளவும், எண்ணின் பெயரும், எழுதிய குறியும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாவிட்டால் விளையாட்டு விளையாட்டாகவே நின்றுவிடும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் விளையாட்டுகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது எளிது. அதனால் எந்தக் குழந்தைக்கும் கணக்கு வந்துவிடாது. ஏழேழாகப் பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு முத்து என்று இடுவது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற அடிப்படையைக் கைக்குப் பழக்குகிறது. நான்கு முத்து சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்கும் குழந்தை, எண்ணாமலேயே நான்கை அடையாளம் காணப் பழகுகிறது. தாயக்கட்டை இரண்டும் விழுந்ததும் கூட்டல் நிகழ்கிறது. ஆனால் இவ்விரண்டிலும் கட்டத்தில் எண் கிடையாது. அந்தக் குறையைப் பரமபதம் தீர்க்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது, மூன்றும் வேண்டும்.

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலுக்கு இடமளித்தது, வரவேற்கத்தக்கது. எனினும் இடைவெளி பள்ளிக்கு முன்பே, மூன்று நான்கு வயதிலேயே விழுந்துவிடுகிறது. அதை நிரப்ப வேண்டிய இடம் வீடும் அங்கன்வாடியும். செலவு என்று பார்த்தால் ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும்.

கைபேசியில் அதே ஆட்டம் இருக்கிறதே என்பார்கள். அங்கே பெரும்பாலும் காய் தானாக நகர்கிறது. குழந்தை செய்ய வேண்டிய எண்ணுதலைக் கருவி செய்துவிடுகிறது. அருகில் அமர்ந்து, "ஐந்தில் இருக்கிறாய், அடுத்து என்ன?" என்று கேட்கும் ஒரு பெரியவரே நம் வீடுகளில் இன்று அரிதாகிவிட்டார். கணிதப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர், அதற்கு முன் நாளுக்குக் கால் மணி நேரம் தரையில் அமர முன்வர வேண்டும். அப்போதும் அதைத் தேர்வாக்கி மதிப்பெண் இடாதிருந்தால், குழந்தை மறுநாளும் ஆட வரும்.